மைனர் கனிஷ்கா, வயது 6

எங்கள் ஊர்க் குடும்பநலக் கோர்ட்டில் ஒரு பெண் குழந்தை பன்னிரண்டு வருடம் ஆறு வயதிலேயே நின்றது. அதை எல்லோரும் பார்த்தோம். ஜட்ஜுகள் பார்த்தார்கள், வக்கீல்கள் பார்த்தார்கள், பேர் கூப்பிடுகிற டவாலி மாசிலாமணி பார்த்தார், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிற பிலோமினா என்கிற நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆளாளுக்கு அவரவர் வேலைக்குத் திரும்பிப் போனோம். இப்போது சொல்லும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான், மற்றவர்களை வரிசையாகச் சொல்கிறேன்.

தமயந்தி முதன்முதலாக என் கொட்டகைக்கு வந்தது ஒரு ஆடி மாதம், காற்றில் காகிதமெல்லாம் பறந்துகொண்டிருந்தது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற லேப் வேலை பார்த்தாள். புருஷன் ஞானசேகருக்கு போர்வெல் போடுகிற லாரி இரண்டு ஓடியது. அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்ட கதைகளை மனுவில் ஒரு விதமாகவும் எதிர் மனுவில் வேறு விதமாகவும் படித்துப் படித்து இரண்டையும் நம்பாமல் போனவள் நான். சண்டை முற்றி அவள் அம்மா வீட்டுக்குப் போன நாளில் குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது. சாயங்காலம் ஞானசேகர் போய்க் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார், அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு தமயந்திக்குத் திறக்கவில்லை. குழந்தையை என்னிடம் கொடுங்கள் என்று அவள் மனு. “மைனர் கனிஷ்கா, வயது 6” என்று நான் அடித்தேன். அன்றைக்கு அது உண்மை.

விவாகரத்து இரண்டே வருடத்தில் கிடைத்துவிட்டது. ஒருவரையொருவர் பிடிக்கவில்லை என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது அல்லவா? குழந்தை விஷயம்தான் நின்றது. முதல் ஜட்ஜ் ஆரம்பத்திலேயே ஒரு இடைக்கால உத்தரவு போட்டிருந்தார்: தீர்ப்பு வரும் வரை குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், வாய்தா நாளில் கோர்ட்டுக்கு அழைத்து வரவும், அங்குள்ள குழந்தைகள் அறையில் பத்து மணி முதல் பதினோரு மணி வரை தாய் பார்த்துக்கொள்ளலாம். “தீர்ப்பு வர்ற வரைக்கும்தாம்மா, மிஞ்சிப் போனா மூணு மாசம்,” என்றார் தமயந்தியின் வக்கீல் ரத்தினசபாபதி. அவர் கெட்டவர் இல்லை. எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்.

அந்த அறையில் ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒற்றைக் காது போன கரடி பொம்மை, கதவோரம் ஸ்டூலில் ஒரு பெண் போலீஸ். அங்கே வைத்துத்தான் தமயந்தி மகளுக்குத் தலை வாரினாள், இட்லி ஊட்டினாள், நகம் வெட்டினாள், வீட்டுப்பாடம் பார்த்தாள், காய்ச்சல் வந்து போனதைக் கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாதத்து அம்மாவை ஒரு மணி நேரத்தில் செய்து முடித்தாள். பதினோரு மணிக்கு ஞானசேகர் வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போவார். கனிஷ்கா அவர் முதுகுப் பக்கமாகத் தலையைத் தூக்கிக் கேட்பாள், “அம்மா, அடுத்த வாய்தா என்னைக்கு?” தமயந்தி தேதி சொல்வாள். குழந்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போகும்.

இனி என் பங்கு. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வழக்கில் எத்தனை மனு போட்டாலும் மேல் பாதி ஒன்றுதான்: கோர்ட்டுப் பேர், வழக்கு எண், மனுதாரர், எதிர்மனுதாரர், குழந்தை, வயது. பழைய ஃபைலைத் திறந்து மேல் பாதியை அப்படியே விட்டுவிட்டுக் கீழ்ப் பாதியை மட்டும் மாற்றி அடிப்போம். நான் அடித்ததைப் பார்த்து எதிர்த்தரப்பு ஆபீஸில் அடிப்பார்கள், அதைப் பார்த்து கோர்ட்டு ஆபீஸில் உத்தரவு அடிப்பார்கள். அவகாசம் கேட்ட மனுவில் வயது 6, ஆவணம் கேட்ட மனுவில் வயது 6, சாட்சியைத் திரும்பக் கூப்பிடச் சொன்ன மனுவில் வயது 6, கூப்பிடக் கூடாது என்ற எதிருரையில் வயது 6, தீபாவளிக்கு ஒரு நாள் குழந்தையை அனுப்பச் சொல்லிக் கேட்ட மனுவில் வயது 6, அது விசாரணைக்கு வருவதற்குள் மூன்று தீபாவளி வெடித்து ஓய்ந்தபிறகு வந்த தள்ளுபடி உத்தரவிலும் வயது 6. குழந்தையும் காகிதத்துக்கு மரியாதை கொடுத்து ஆறிலேயே நின்றது.

முதலில் கண்டுபிடித்தது தமயந்தி. ஒன்பதாவது பிறந்தநாளுக்கென்று ஒன்பது வயது அளவில் பாவாடை சட்டை எடுத்து வந்து அந்த அறையில் போட்டுப் பார்த்தாள், பாவாடை தரையைக் கூட்டியது, சட்டைக்குள் இன்னொரு குழந்தை நுழையலாம். அதற்கு முந்தின வருடத்து உடையும் பெரிதாகத்தான் இருந்தது, கடைக்காரன் அளவு தவறிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு நேராக என் கொட்டகைக்கு வந்து, இத்தனை நாள் வாங்கிய நகல்களையெல்லாம் பெஞ்சில் பரப்பினாள்.

“அக்கா, படிச்சுப் பாருங்க. எல்லாத்துலயும் ஆறு.”

படித்தேன். ஆமாம், எல்லாவற்றிலும் ஆறு. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா? “அது மேல் பாதிம்மா, யாரும் படிக்க மாட்டாங்க,” என்று சொன்னது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா? ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளாது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் பெஞ்சில் ஜன்னலோரம் கனிஷ்காவின் இடம் என்று வைத்துவிட்டார்கள், ஜூன் மாதத்துக்கு ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்து, ஏப்ரலில் அவளை விட்டு எழுந்து போனார்கள், பாடம் முழுவதும் மனப்பாடம் என்பதால் டீச்சர் லீவு போட்ட நாளில் அவளே நின்று சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அரை டிக்கெட்டைக் கிழித்து வைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். ஞானசேகர் இன்னொரு கல்யாணம் செய்து ஒரு பையனும் பிறந்தான், அவன் தவழ்ந்து நடந்து அக்காவின் தோளுயரம் வந்து, அக்காவைத் தாண்டி, ஒரு நாள் அவளைக் கையைப் பிடித்து ரோடு தாண்டிவிட்டு, “பாப்பா, பாத்து வா,” என்றான். தெருப் பெண்கள் கொடுத்து வைத்த வீடு என்றார்கள், வருடா வருடம் துணி எடுக்க வேண்டாம், செருப்பு மாற்ற வேண்டாம், பெண் வளர்ந்துவிட்டாளே என்று மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோர்ட்டில் அவள் எல்லோருக்கும் செல்லம். ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துக் கன்னத்தைக் கிள்ளி, “அப்படியே இருக்கடி தங்கம்,” என்பார்கள், கொஞ்சுகிறார்களாம். அந்த அறைக்கு வருகிற பிள்ளைகளெல்லாம் ஓடிப்பிடித்து விளையாடினார்கள், பிடிபட்டவன் “வாய்தா” என்று கத்தினால் விட்டுவிட வேண்டும் என்பது அந்த விளையாட்டின் சட்டம், அதைப் போட்டது கனிஷ்காதான்.

அடுத்த மனுவில் நான் துணிந்து “வயது 9” என்று அடித்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மூல மனுவில் உள்ள வயதுக்கும் இதற்கும் முரண்பாடு, முதலில் திருத்த மனு போட்டு அனுமதி வாங்கவும். திருத்த மனு போட்டோம், பிறப்புச் சான்றிதழை இணைத்தோம். ஞானசேகரின் வக்கீல் எதிருரை போட்டார்: குழந்தை நேரிலேயே நிற்கிறது, பார்த்தாலே ஆறு வயது, கண்ணால் காண்பதைக் காகிதத்தைக் காட்டி மாற்ற அனுமதிக்கக் கூடாது. ஜட்ஜ் டாக்டர்கள் குழுவுக்கு அனுப்பினார். அவர்கள் மணிக்கட்டைப் படமெடுத்துப் பார்த்து எலும்பு வயது ஆறு என்றார்கள். சான்றிதழ் ஒன்று சொல்கிறது, எலும்பு ஒன்று சொல்கிறது, ஆகவே உத்தரவுக்காக வாய்தா. உத்தரவு எழுதுவதற்குள் அந்த ஜட்ஜுக்கு மாற்றல்.

ஜட்ஜ் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. புதிதாக வருகிறவர் குழந்தையைத் தனியறைக்கு அழைத்துச் சாக்லேட் கொடுத்து, “பாப்பா, நீ யார்கிட்ட இருக்க ஆசப்படுற?” என்று கேட்பார். “அம்மாகிட்ட,” என்பாள். ஏழு ஜட்ஜிடம் ஏழு முறை சொன்னாள், ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னாள். ஏழு பேரும் அதைக் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே, ஆறு வயதுக் குழந்தைக்கு முடிவெடுக்கும் பக்குவம் இராது என்பதால் இதற்கு அதிக முக்கியத்துவம் தர இயலாது என்று எழுதினார்கள். ஒன்பது வயது, பத்து வயது என்றிருந்தால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. அந்த வயதை அவளுக்கு வரவிடாமல் வைத்திருந்தது யார்? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது, அதைக் கறுப்பு கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தால் பாவம் வராதா?

இதிலும் கொடுமை, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது வசதியாகப் போயிற்று. சீக்கிரம் விசாரியுங்கள் என்று ரத்தினசபாபதி எழுந்தால், அவர் சிரித்துக்கொண்டே, “அவசரம் என்ன யுவர் ஹானர், குழந்தைக்கு ஒரு வருஷங்கூட வீணாகலையே,” என்பார், கோர்ட்டு முழுக்கச் சிரிக்கும். வேறு வழக்குக்காரர்கள்கூட என் கொட்டகைக்கு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தகப்பன், மீசை முளைத்த மகனை இழுத்துக்கொண்டு வந்து, “எனக்கும் அந்தப் பொண்ணுக்கு அடிச்ச மாதிரியே அடிச்சுக் குடுங்கக்கா, இவன் சின்னப் புள்ளையா இருந்ததை நான் பாக்கவே இல்ல,” என்றான். அவனை நான் திட்டித்தான் அனுப்பினேன்.

தமயந்தி நரைத்துப்போனாள். மகள் வேண்டும் என்று வந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக, மகளுக்கு ஏழு வயது ஆனால் போதும் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். பதினோராவது வருடம் ஒரு வாய்தா நாளில், மகளைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அக்கா, வாபஸ் மனு அடிங்க.”

“என்னம்மா சொல்ற?”

“கேஸ் இருக்கிற வரைக்கும்தான அவ ஆறு. கேஸே வேணாம். அவ அப்பாகிட்டயே இருக்கட்டும். வளந்தாப் போதும்.”

“வாபஸ் வாங்கினா வாய்தாவும் போயிரும். அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. தெரியும்ல?”

“தெரியும். அடிங்க.”

அடித்தேன். கண்ணீர் விழுந்து கீபோர்டில் ஒரு எழுத்து அன்றையிலிருந்து வேலை செய்யவில்லை, இன்னும் மாற்றவில்லை. பெற்றவள் பிள்ளையை விட்டுக்கொடுத்துத் தோற்றுப்போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்றுதானே நினைப்பீர்கள். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. இன்றைக்கு வாபஸ் வாங்கி நாளைக்குப் புது மனு போடுவார்கள், ஆகவே முழு விசாரணை நடத்தித் தீர்ப்பே வேண்டும் என்றார்கள். ஞானசேகரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். மகள் மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பாசத்தைவிட ஜெயிக்க வேண்டும் என்பது பெரிதாக வளர்ந்து நின்றது, வீட்டில் வளர்ந்தது அது ஒன்றுதான். வாபஸ் மனுவுக்கு எதிருரை தாக்கல் செய்ய வாய்தா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே தோற்கிறவளைத் தோற்கவும் விடவில்லை.

எட்டாவது ஜட்ஜ் சுறுசுறுப்பானவர். பழைய வழக்குகளை முடித்துக் கணக்குக் காட்டச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. மாசிலாமணி மூன்று தடவை பேர் கூப்பிட்டார், இரண்டு தரப்பும் போய் நின்றது, கனிஷ்கா பள்ளிச் சீருடையில் கூண்டுக் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அன்றைக்குக் கொட்டகையைச் சாத்திவிட்டுப் போய்ப் பின்னால் நின்றிருந்தேன். ஜட்ஜ் வழக்குக் கட்டைப் புரட்டி, திருத்த மனுவோடு நாங்கள் இணைத்திருந்த பிறப்புச் சான்றிதழை எடுத்தார். பார்த்தார். போன வியாழக்கிழமையோடு பதினெட்டு முடிந்துவிட்டதே என்றார். மைனர் மேஜராகிவிட்டபடியால் மனு பயனற்றதாகிவிட்டது, முடித்து வைக்கப்படுகிறது, மேஜரான பெண் தன் விருப்பப்படி எங்கும் செல்லலாம்.

ரத்தினசபாபதி எழுந்து, “யுவர் ஹானர், குழந்தை இதோ நிக்குது,” என்றார்.

“சட்டப்படி இப்ப குழந்தைன்னு யாரும் இல்லையே,” என்றார் ஜட்ஜ். குரலை உயர்த்தவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். எந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் கெஞ்சினோமோ, எந்தச் சான்றிதழை எலும்பு மறுக்கிறது என்று ஒதுக்கினார்களோ, அதே சான்றிதழ். கொடுப்பதற்கு ஆகாத காகிதம் கைகழுவுவதற்கு ஆயிற்று. பன்னிரண்டு வருடத்து வழக்கு முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் வயது வந்தது. முன்னால் தனியாக நடந்த கனிஷ்காவுக்கு அறிவிப்புப் பலகையைத் தாண்டும்போது ஏழு ஆயிற்று, பால் பல் ஒன்று விழுந்து உருண்டது, தண்ணீர்க் குழாயண்டை ஒன்பது, பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து வேறு பற்கள் முளைத்தன, ரெக்கார்டு ரூம் கதவுக்கு முன்னால் பதினொன்று, சட்டை தோளில் கிழிந்தது, வரிசையில் காத்திருந்த பெண்கள் புரிந்துகொண்டு ஓடிவந்து முந்தானையும் துப்பட்டாவும் பிடித்து நாலு பக்கமும் மறைப்புக் கட்டிக்கொண்டு அவளோடு கூடவே நடந்தார்கள், பதின்மூன்றாவது வயதில் அந்த மறைப்பு கொஞ்ச நேரம் நின்றது, ஒருத்தி பழக்க தோஷத்தில் குலவை போட வாயெடுத்துப் பாதியில் அடங்கிப்போனாள். மாடிப்படிக்கு வந்தபோது பதினெட்டு. தமயந்தி தன் சேலையின் மேல் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கோட்டைக் கழற்றி மகளுக்குப் போட்டு, யாரோ கொடுத்த சேலையை இடுப்பில் சுற்றிவிட்டாள், பெண்கள் விலகினார்கள். தாயைவிட அரை சாண் உயரமாக ஒரு பெண் நின்றாள். தூக்கிக்கொண்டு போக வந்த ஞானசேகர் இரண்டு கையையும் நீட்டி, யாரைத் தூக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

தமயந்தி மகளின் முகத்தைத் தடவினாள். “வா கண்ணு. வீட்டுக்குப் போலாம்.”

கனிஷ்கா தாயைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. குரல் முழுப் பெண்ணின் குரல்.

“அம்மா, அடுத்த வாய்தா என்னைக்கு?”

“இனிமே வாய்தா இல்லடா. கேஸு முடிஞ்சிருச்சு.”

“வாய்தாவே இல்லையா?”

“இல்ல.”

“அப்ப உன்ன நான் பாக்கவே முடியாதா?”

தமயந்தி ஏதேதோ சொன்னாள். தினமும் பார்க்கலாம் என்றாள், ராத்திரி பகல் எல்லாம் கூடவே இருக்கலாம் என்றாள், பத்து மணி பதினோரு மணி என்று கிடையாது என்றாள். கேட்கிறவளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. அம்மா என்றால் வாய்தா, வாய்தா இல்லையென்றால் அம்மா இல்லை, பன்னிரண்டு வருடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். பதினெட்டு வயதுப் பெண் கோர்ட்டு வராந்தாவில் தொப்பென்று உட்கார்ந்து, காலை உதைத்துக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தை அழுகிற அழுகையை அழுதாள். வாய்தா வேணும், வாய்தா வேணும் என்று அழுதாள். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள், அடக்கச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பு படித்த, கல்யாண வயதுப் பெண்ணை எங்கேயிருந்து வளர்க்கத் தொடங்குவது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? அதற்கு எந்த ஜட்ஜ் உத்தரவு எழுதுவார்? சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்பார்களே, அப்படி ஒரு சாபம் என் வாய்வரை வந்தது.

உள்ளேயிருந்து மாசிலாமணி வந்தார். என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். “அம்மா, ஐயா சத்தம் போட வேணாங்கிறார். அடுத்ததும் குழந்தை கேஸுதானாம், அஞ்சு வயசுப் பையன், பயந்துருவானாம்.”

“போய்ச் சொல்லுங்க மாசிலாமணி,” என்றேன். “கேக்கட்டும்.”

மாசிலாமணி திரும்பிப் போய், விசாரணை நேரத்தில் சாத்தியே வைத்திருக்க வேண்டிய அந்தக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, அசையாமல் இருக்கக் கீழே பக்கத்துக்கொரு கட்டு வழக்குக் காகிதத்தை முட்டுக் கொடுத்தார்.